குளிர் பிளாஸ்மா பூஞ்சையை எங்கே அடிக்கிறது: சுவரிலா, சவ்விலா, உள்ளேயா?

#1 வித்தெண்ணி

எல்லாருக்கும் வணக்கம். நிலக்கடலையில் வரும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சையைக் குளிர் பிளாஸ்மாவில் (மின்சாரத்தால் அயனியாக்கிய, சூடேறாத வாயுவில்) வைத்துப் பார்ப்பதுதான் என் முனைவர் பட்ட வேலை. இரண்டாம் ஆண்டு. கருவி ரொம்பச் சாதாரணம்: மேலே ஒரு உலோகத் தகடு, அதன் கீழே குவார்ட்ஸ், மூன்று மில்லிமீட்டர் காற்று இடைவெளி, கீழே இன்னொரு தகடு, பல கிலோவோல்ட் மாறுமின்னழுத்தம். விளக்கை அணைத்துப் பார்த்தால் ஊதா நிறத்தில் மெல்லிய தூறல் விழுகிற மாதிரி இருக்கும்.

சிக்கல் இதுதான். பிளாஸ்மாவில் வைத்த வித்துகளை (பூஞ்சை பரவ விடும் நுண்ணிய ஸ்போர்களை) ஊட்டத் தட்டில் பரப்பினால் ஆயிரத்தில் ஒன்றுகூட முளைப்பதில்லை. அதே வித்துகளில் உடனே புரொப்பிடியம் அயோடைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பாதிகூடச் சிவப்பதில்லை. அந்தச் சாயம் சவ்வு (சுவருக்கு உள்ளே செல்லை மூடிய மெல்லிய கொழுப்பு உறை) ஓட்டையான செல்லுக்குள்தான் நுழையும் என்பது உங்களுக்குத் தெரியும். ஓட்டையும் இல்லை, உயிரும் இல்லை என்றால் எதில் செத்தது?

"சவ்வு கிழிந்தது என்று எழுதிவிடு, எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்" என்கிறார் வழிகாட்டி. எனக்கு எழுதக் கை வரவில்லை.

#2 சும்மா வந்தவன்

பிளாஸ்மா என்றால் சூரியனில் இருப்பதுதானே? ஆயிரக்கணக்கான டிகிரி. வெந்து செத்திருக்கும், இதில் என்ன ஆராய்ச்சி?

#3 அயனிக்காற்று

வேகவில்லை நண்பரே. பெயரில் இருக்கும் "குளிர்" சும்மா வைத்ததில்லை. இந்த வகைப் பிளாஸ்மாவில் ஒரே இடத்தில் இரண்டு வெப்பநிலை இருக்கும். எலக்ட்ரான் லேசானது, மின்புலம் இழுத்த இழுப்புக்கு ஓடும். அதன் ஆற்றல் ஓரிரு எலக்ட்ரான்வோல்ட். ஒரு எலக்ட்ரான்வோல்ட் என்பது ஏறக்குறைய 11,600 கெல்வின். ஆனால் அது போய் நைட்ரஜன் மூலக்கூறில் மோதுவது கோலிக்குண்டு லாரியில் மோதுகிற மாதிரி. குண்டு தெறிக்கும், லாரி அசையாது. அதோடு, வித்தெண்ணி பார்க்கிற அந்த ஒவ்வொரு ஊதா இழையும் சில பத்து நானோவிநாடிதான் உயிரோடு இருக்கும். குவார்ட்ஸ் மேல் மின்னூட்டம் சேர்ந்ததும் தன்னையே அணைத்துக்கொள்ளும். காற்று சூடாக அவகாசமே கிடையாது. கையால் தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். (தொட்டுப் பார்க்காதீர்கள், உயர் மின்னழுத்தம்.)

இந்த அமைப்பு புதிதும் இல்லை. 1857-ல் வெர்னர் ஃபான் சீமன்ஸ் ஓசோன் தயாரிக்கச் செய்த கருவி இதன் பாட்டன். பிளாஸ்மா என்ற பெயரை இர்விங் லாங்மியூர் வைத்தது 1928-ல். பிள்ளை வளர்ந்து எழுபது வருஷம் கழித்துப் பெயர் சூட்டு விழா.

வித்தெண்ணிக்கு ஒரு கேள்வி: வித்துகளை உலர்வாக வைத்தீர்களா, நீரில் கலந்தா? நீர் என்றால் எந்த நீர்?

#4 வித்தெண்ணி

இரண்டும் செய்தேன் அண்ணா. கண்ணாடி வில்லையில் உலர்த்தி ஒரு தொகுதி. நீரில் மூன்று: வாலை வடிநீர், உப்பு நீர், பாஸ்பேட் தாங்கல் கரைசல் (அமிலத்தன்மையை மாறாமல் பிடித்து நிறுத்துவது). முன்பே சொல்லியிருக்க வேண்டும்: மேலே சொன்ன முடிவு வாலை வடிநீரில் வந்தது. தாங்கல் கரைசலில் அதே நேரம் வைத்தால் பெரும்பாலானவை பிழைத்துவிடுகின்றன. மின்னழுத்தம் அதே, இடைவெளி அதே.

#5 நொதிப்பானை

உங்கள் கேள்விக்குப் பாதி விடை அந்தக் கடைசி வரியில் இருக்கிறது, அரைவேதி அக்கா வந்து விரிப்பார். நான் பேக்கரி ஈஸ்டில் வேலை செய்தவன். எங்கள் பக்கம் வழக்கமாகச் சொல்லும் கதை: மின்னூட்டத் துகள்கள் செல் மேல் குவிந்து இழுவிசையில் சவ்வு வெடிக்கிறது. 2000-ல் மெண்டிஸ், ரோசன்பெர்க், அஸாம் மூவரும் பாக்டீரியாவுக்கு இப்படி ஒரு கணக்குப் போட்டார்கள். வலுவான மின்புலம் துளை போடுகிறது என்றும் சொல்வதுண்டு. இது பூஞ்சைக்கும் பொருந்தாதா?

#6 அயனிக்காற்று

அந்தக் கணக்கு மேற்பரப்பு கரடுமுரடான, வெளிச்சவ்வு மெலிந்த பாக்டீரியாவுக்குப் போட்டது. பூஞ்சை வித்துக்குக் கைட்டின், குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் பின்னிய கெட்டிச் சுவர் இருக்கிறது. குடிசைக்குப் போட்ட கணக்கை மதில் சுவருக்குப் போட முடியாது.

மின்புலத் துளை விஷயம் நீரில் இன்னும் பலவீனம். நீரின் மின்காப்பு மாறிலி ஏறக்குறைய 80. அதாவது காற்று இடைவெளியில் எவ்வளவு மின்புலம் இருந்தாலும் நீருக்குள் இறங்கும்போது எண்பதில் ஒரு பங்கு. உப்பு சேர்ந்தால் அதுவும் இல்லை. வித்தெண்ணி நீரில் கண்டது மின்சாரம் கொன்ற கொலை இல்லை, வேதியியல் கொன்ற கொலை.

புற ஊதாவையும் தள்ளிவிடலாம். காற்றுப் பிளாஸ்மா ஒளியில் பெரும்பங்கு 337 நானோமீட்டர் பக்கம் வரும் நைட்ரஜன் ஒளி. கிருமி கொல்லும் 254 பக்கம் மிகச் சொற்பம்.

#7 அரைவேதி

வந்துவிட்டேன். சமையல் முடித்துவிட்டு உட்கார்ந்தேன், நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கட்டுரைகளிலும் "ஹைட்ராக்சில் ராடிக்கல் சவ்வைத் தாக்கி" என்று ஒரு வாக்கியம் வரும். படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்வி: எந்த வழியாகப் போய்த் தாக்கியது? ராடிக்கல் என்றால் ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலையும் துண்டு. ஹைட்ராக்சில் கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கும். அதனாலேயே அதற்குத் தூரம் போகத் தெரியாது. செல் போன்ற நெரிசலான இடத்தில் அதன் ஆயுள் ஒரு நானோவிநாடி அளவு. அதற்குள் நகர்வது சில நானோமீட்டர். ஆஸ்பெர்ஜில்லஸ் வித்தின் சுவர் மட்டுமே நூறு நானோமீட்டர் கணக்கில் வரும். காற்றில் பிறந்த ஹைட்ராக்சில் சுவரின் வெளிப்பூச்சைக் கடித்துவிட்டு அங்கேயே உயிர்விடும். சவ்வை அது பார்த்ததே இல்லை.

ஆக, எது வலுவானது என்று கேட்பதைவிட எது எவ்வளவு தூரம் போகும் என்று கேளுங்கள்.

ஓசோன்: வாயுவாக நிமிடக்கணக்கில் நிற்கும், மேற்பரப்புக்குத் தாராளமாக வரும். ஆனால் கார்பன் இரட்டைப் பிணைப்பைக் கண்டால் அதைத் தாண்டிப் போகாது. சுவர்ச் சர்க்கரைகளில் பீட்டா பிணைப்பைத் தேர்ந்து கடிக்கும் குணமும் அதற்கு உண்டு. பூஞ்சைச் சுவரின் எலும்பே பீட்டா குளுக்கான்தான், யோசித்துப் பாருங்கள்.

ஒற்றைநிலை ஆக்சிஜன் (ஆற்றல் ஏறிய ஆக்சிஜன்): நீரில் சில மைக்ரோவிநாடி வாழும், நூற்றுச் சொச்சம் நானோமீட்டர் நகரும். சுவரின் உள்விளிம்பு வரை எட்டிப் பார்க்கலாம். எட்டிவிட்டால் பூஞ்சைச் சவ்வின் கொழுப்பான எர்கோஸ்டீராலுக்குக் கெட்ட நேரம். நம் உடம்பின் கொலஸ்ட்ராலுக்கு வளையத்தில் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு; எர்கோஸ்டீராலுக்கு அடுத்தடுத்து இரண்டு. ஒற்றைநிலை ஆக்சிஜன் அந்த ஜோடி மேல் அப்படியே குறுக்காக உட்கார்ந்து எர்கோஸ்டீரால் பெராக்சைடு ஆக்கிவிடும். அந்த ஜோடியால்தான் எர்கோஸ்டீரால் 282 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சுகிறது. ஜோடி போனால் அந்த மேடும் போகும். உங்களிடம் நிறமாலைமானி இருந்தால் இதை நேரடியாகப் பார்க்கலாம்.

ஹைட்ரஜன் பெராக்சைடு: சாது. மெதுவாக வேலை செய்யும், அதனாலேயே தூரம் போகும். சுவருக்குள் ஊறி, சவ்வில் நீர் போகும் வாயில்கள் வழியாகவும் உள்ளே போகும். உள்ளே போய்ச் சும்மா இருந்தால் பரவாயில்லை. அங்கே இரும்பு இருக்கிறது. 1894-ல் ஃபென்டன் கண்ட வினை: இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் அதே ஹைட்ராக்சில். வெளியிலிருந்து வர முடியாதவன் உள்ளேயே பிறக்கிறான். அதுவும் இரும்பு ஒட்டியிருக்கும் இடத்தில், டிஎன்ஏ பக்கத்திலோ நொதியின் மடியிலோ.

உங்கள் வாலை வடிநீருக்கு இப்போது வருகிறேன். காற்றுப் பிளாஸ்மா நைட்ரஜனையும் உடைக்கும். அது நீரில் கரைந்து நைட்ரிக், நைட்ரஸ் அமிலங்கள் ஆகும். வடிநீரில் தாங்குவதற்கு ஒன்றும் இல்லாததால் பிஹெச் (இது குறைந்தால் அமிலத்தன்மை கூடுகிறது) சரசரவென்று இறங்கும். 3.5-க்குக் கீழே போனதும் நைட்ரைட்டும் பெராக்சைடும் கைகோத்து பெராக்சிநைட்ரஸ் அமிலம் பிறக்கும். இதுதான் இந்தக் கதையின் கள்ளன். மின்னூட்டம் இல்லாத அமிலம், கொழுப்புச் சவ்வை ஊடுருவிப் போகும். உடையும்போது ஏறத்தாழ முப்பது சதவீதம் ஹைட்ராக்சிலும் நைட்ரஜன் டைஆக்சைடும் ஆகும். பாயில் சுருட்டி வீட்டுக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்ட மாதிரி. தாங்கல் கரைசலில் பிஹெச் ஏழிலேயே நிற்பதால் இது பிறக்கவே பிறக்காது. அதனால்தான் அங்கே உங்கள் வித்துகள் பிழைத்தன.

#8 நொதிப்பானை

அக்கா, எதிர்க்கட்சியாக ஒன்று. பிஹெச் இறங்கியதே கொன்றது என்று ஏன் சொல்லக்கூடாது?

#9 அரைவேதி

ஆஸ்பெர்ஜில்லஸைத் தெரிந்துமா கேட்கிறாய் தம்பி? பிஹெச் 3-ல் ஜம்மென்று வளர்கிற சாதி அது. எலுமிச்சை ஊறுகாய் மேலேயே பூப்பவனுக்கு அமிலத்தைக் காட்டிப் பயமுறுத்த முடியாது. நைட்ரிக் அமிலத்தால் மட்டும் பிஹெச்சை இறக்கி ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை வைத்தால் தெரிந்துவிடும்.

#10 வித்தெண்ணி

வைத்தேன் அக்கா, போன மாதமே. அமிலத்தில் மட்டும் வைத்தவை எல்லாம் முளைத்தன. தட்டு முழுக்கப் பச்சை.

#11 விருத்தாசலத்துக் கடலை

ஐயா அம்மா எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பாதி புரியவில்லை, ஆனால் கடலை என்றதும் உள்ளே வந்துவிட்டேன். நாங்கள் மூன்று தலைமுறையாகக் கடலை வாங்கி விற்பவர்கள். ஒரு தடவை மழையில் மாட்டிய சரக்கு பச்சைப் பூசணம் பிடித்து, வாங்கிய இடத்தில் நஞ்சு இருக்கிறது என்று மொத்தமாகத் திருப்பிவிட்டார்கள். இந்த ஊதா வெளிச்சத்தில் காட்டினால் அந்த நஞ்சு போய்விடுமா?

#12 வித்தெண்ணி

வணக்கம் ஐயா. பூஞ்சை வேறு, அது விட்டுப்போன அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வேறு. பூஞ்சை செத்தாலும் நஞ்சு அங்கேயே இருக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. ஐரோப்பாவில் நேரடியாகச் சாப்பிடும் கடலைக்கு மொத்த அஃப்ளாடாக்சின் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம்தான் வரம்பு. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

2008-ல் துருக்கி ஆய்வாளர்கள் கொட்டைப் பருப்புகளில் குறைந்த அழுத்தப் பிளாஸ்மாவை வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு, எனக்கு அது மறக்கவே மறக்காது. சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயுவில் செய்த பிளாஸ்மா பூஞ்சையை லட்சத்தில் ஒன்று மிஞ்சும் அளவுக்குக் கொன்றது. சாதாரணக் காற்றுப் பிளாஸ்மா அதன் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் நஞ்சைக் குறைத்ததில் தலைகீழ்: இருபது நிமிடத்தில் காற்று சுமார் பாதியைக் குறைத்தது, மற்றது ஐந்தில் ஒரு பங்கைத்தான். பூஞ்சையை நன்றாகக் கொல்கிறவன் நஞ்சையும் நன்றாக உடைப்பான் என்று சொல்ல முடியாது.

#13 அரைவேதி

அதற்கும் காரணம் இரட்டைப் பிணைப்புதான். அஃப்ளாடாக்சின் பி1-ல் கடைசி ஃபியூரான் வளையத்தில் ஒரு இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. நம் கல்லீரல் அதில்தான் ஆக்சிஜனை ஏற்றி, டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்ளும் பொருளாக மாற்றுகிறது. ஓசோன் கடிப்பதும் அதே இடம். பி2, ஜி2 வகைகளில் அந்தப் பிணைப்பு கிடையாது, அவை ஓசோனுக்கு அவ்வளவு சீக்கிரம் மசியாது.

கடலைக்காரர் ஐயாவுக்கு ஒன்று: ஓசோன் நஞ்சின் இரட்டைப் பிணைப்பை மட்டும் பார்த்துக் கடிக்காது. கடலை எண்ணெய் முழுக்க இரட்டைப் பிணைப்பு. அதிகமாகக் காட்டினால் நஞ்சு குறையும், கடலை காறிப்போகும்.

#14 விருத்தாசலத்துக் கடலை

காறல் வந்தால் செக்குக்குக்கூட வாங்க மாட்டார்கள் அம்மா. எங்கள் அப்பா கையில் நாலு காயை எடுத்துக் காதோரம் கிலுக்கிப் பார்ப்பார். பருப்பு உள்ளே கலகலவென்று ஆடினால்தான் மூட்டை கட்டச் சொல்வார். இப்போது ஈரமானி வைத்திருக்கிறேன், காயில் எட்டு சதவீதத்துக்கு மேல் காட்டினால் வாங்குவதில்லை. நான் கிலுக்கலிலேயே இருந்துகொள்கிறேன்.

#15 அயனிக்காற்று

ஐயா, பூஞ்சை வராமல் தடுப்பதில் உங்கள் அப்பா கருவிக்கு இணையாக எங்களிடம் ஒன்றும் இல்லை.

#16 தோல் வைத்தியன்

நகப் பூஞ்சை நோயாளிகள் இந்தப் பிளாஸ்மா சிகிச்சையைப் பற்றி இப்போது கேட்கிறார்கள். எர்கோஸ்டீரால் பூஞ்சையில் மட்டும் இருப்பதால் பிளாஸ்மா மனிதச் செல்லை விட்டுவிடும் என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தான் ஒருவன். உண்மையா?

#17 அரைவேதி

இல்லை டாக்டர். எர்கோஸ்டீரால் சற்று எளிதாகக் கெடும் என்பது சரி. அதை வைத்து "விட்டுவிடும்" என்று சொன்னால் அது வியாபாரம். மனிதச் சவ்வில் லினோலியிக் அமிலமும் அராக்கிடோனிக் அமிலமும் கொட்டிக் கிடக்கின்றன, அவை இன்னும் நன்றாக எரியும். காயத்தில் இது தாக்குப்பிடிப்பது அளவு குறைவாகக் கொடுப்பதால். அதோடு நம் செல்லிடம் குளூட்டாதயோன், கேட்டலேஸ் என்று தற்காப்பும் உண்டு. நகத்தில் சிக்கலே வேறு: முழு கெரட்டின் தகடு குறுக்கே நிற்கிறது. எவ்வளவு தூரம் போகும் என்ற என் பழைய பாட்டுதான்.

#18 நொதிப்பானை

கொழுப்பு பற்றி வந்ததால் ஒரு திருத்தம், எனக்கே போட்டுக்கொள்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் பிளாஸ்மா வைத்த ஈஸ்டில் கொழுப்பு சிதையும்போது வரும் மாலோன்டைஆல்டிஹைடை அளந்து, இளஞ்சிவப்பு நிறம் வந்ததும் "கொழுப்பு பெராக்சைடு ஆனது" என்று எழுதினோம். பிறகுதான் உறைத்தது: பேக்கரி ஈஸ்டுக்குத் தானாக லினோலியிக் அமிலம் செய்யத் தெரியாது. ஒற்றை இரட்டைப் பிணைப்பு உள்ள ஒலியிக், பால்மிட்டோலியிக் மட்டும்தான் அதனிடம் இருக்கும். இரண்டு இரட்டைப் பிணைப்புக்கு நடுவில் மாட்டிய கார்பன் இருந்தால்தானே ஹைட்ரஜன் எளிதில் உருவப்பட்டுச் சங்கிலி ஓடும்? அது இல்லாத செல்லில் நாங்கள் எதை அளந்தோம்? அந்தச் சோதனை சில சர்க்கரைச் சிதைவுகளுக்கும் சிவக்கும்.

வித்தெண்ணி, உங்கள் ஃபிளேவஸ் அப்படியில்லை. அதில் லினோலியிக் நிறைய. உங்களுக்குச் சங்கிலி உண்மையாகவே ஓடலாம். ஈஸ்டில் கண்டதைப் பூஞ்சைக்கும், பூஞ்சையில் கண்டதை ஈஸ்டுக்கும் மேற்கோள் காட்டுகிறார்களே, அதைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

#19 வித்தெண்ணி

அண்ணா, அப்படியானால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஈஸ்ட் கண்ணோடு சொல்லுங்களேன். எனக்கு வேதியியல் சவ்வு வரை புரிகிறது, அதற்குப் பிறகு இருட்டு.

#20 நொதிப்பானை

முதல் அடி கந்தகத்துக்கு. புரதங்களில் உள்ள சிஸ்டீன் பக்கக்கிளைதான் பெராக்சைடுக்கு முதலில் அகப்படுவது. எல்லாச் சிஸ்டீனும் இல்லை, நொதியின் வேலையிடத்தில் சுறுசுறுப்பாக இருக்கும் சிஸ்டீன். சர்க்கரையை உடைக்கும் பாதையில் கிளிசரால்டிஹைடு பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ் என்று ஒரு நொதி. அதன் நடுவில் அப்படி ஒன்று இருக்கிறது. அது அடைபட்டால் பெரிய சாலை மூடல். செல் சர்க்கரையைச் சந்து வழியாகத் திருப்பி, அதில் கிடைக்கும் என்ஏடிபிஹெச்சைக் கொண்டு குளூட்டாதயோனை மீட்கும். அடி லேசாக இருந்தால் இந்த அடைப்பே காப்பு, பிறகு திறந்துவிடலாம். பலமாக விழுந்தால் கந்தகம் சல்ஃபோனிக் நிலைக்குப் போய்விடும், அதற்குத் திரும்பி வரும் வழியில்லை.

இரண்டாவது இரும்பு-கந்தகக் கொத்துகள். மைட்டோகாண்ட்ரியாவின் அகோனிடேஸில் ஒன்று இருக்கிறது. சூப்பராக்சைடு பட்டால் கொத்து குலைந்து இரும்பு வெளியே விழும். விழுந்த இரும்பு என்ன செய்யும் என்று அக்கா சொல்லிவிட்டார். வேலியே பயிரை மேய்வது என்பார்களே, அது.

மூன்றாவது டிஎன்ஏ. நான்கு காரங்களில் குவானின் எளிதில் ஆக்சிஜன் ஏறுவது. ஏறியபின் அது சைட்டோசினை விட்டு அடினினோடு ஜோடி சேரப் பார்க்கும், நகலெடுக்கும்போது பிழையாகும். இழை அறுவதும் உண்டு. ஆனால் ஃபிளேவஸ் வித்தில் பல நேரம் ஒன்றுக்கு மேல் உட்கரு இருக்கும், ஒன்று கெட்டாலும் இன்னொன்று ஓட்டும். ஆகவே டிஎன்ஏவைத் தனிக்கொலையாளி என்று சொல்லத் தயங்குவேன்.

ஈஸ்டில் இதற்கெல்லாம் காவல்காரன் யாப்1 என்ற புரதம். பெராக்சைடு வந்ததும் அதற்குள் ஒரு கந்தகப் பாலம் விழுந்து வடிவம் மாறும், உட்கருவை விட்டு வெளியேற முடியாமல் அங்கேயே தங்கி, தற்காப்பு மரபணுக்களை எழுப்பும்.

இங்கேதான் உங்கள் வித்துக்கும் என் ஈஸ்டுக்கும் பெரிய வேறுபாடு. என் ஈஸ்ட் விழித்திருக்கும் செல். அடித்தால் அலறும், கதவை மூடும், பழுது பார்க்கும். உங்கள் வித்து தூங்குகிறது. ட்ரிஹாலோஸும் மானிட்டாலும் கட்டிச் சாதமாகக் கட்டிக்கொண்டு, முன்பே செய்துவைத்த கேட்டலேஸை மட்டும் நம்பிப் படுத்திருக்கிறது. அடி விழுந்ததே அதற்கு உடனே தெரியாது. எழுந்திருக்கும்போதுதான் தெரியும்.

#21 அயனிக்காற்று

இதைப் படித்ததும் தோன்றியது: வித்தெண்ணி, சாயம் எப்போது விட்டீர்கள்? பிளாஸ்மா முடிந்த உடனேயா?

#22 வித்தெண்ணி

ஆமாம். பத்து நிமிடத்துக்குள்.

#23 அயனிக்காற்று

தட்டில் எப்போது எண்ணினீர்கள்?

#24 வித்தெண்ணி

இரண்டு நாள் கழித்து… ஐயோ.

#25 அரைவேதி

அதுதான். இரண்டு கடிகாரத்தை ஒன்றாகப் படித்திருக்கிறாய் கண்ணு. சாயம் பத்தாவது நிமிடத்தைச் சொல்கிறது, தட்டு நாற்பத்தெட்டாவது மணியைச் சொல்கிறது.

#26 சும்மா வந்தவன்

ஆனால் மின் நுண்ணோக்கிப் படங்களில் வித்து சொட்டையாகி, சுருங்கி, பள்ளம் விழுந்து கிடக்கிறதே? இணையத்தில் பார்த்தேன். அது சவ்வு கிழிந்ததற்குச் சாட்சி இல்லையா?

#27 வித்தெண்ணி

நல்ல கேள்வி. அந்தப் படம் எடுக்க வித்தை ஆல்கஹாலில் ஊறவைத்து, நீரை எல்லாம் எடுத்து, வெற்றிடத்தில் வைக்கிறோம். சுவர் ஏற்கெனவே பலவீனப்பட்டிருந்தால் அப்போதுதான் குழி விழும். நான் எடுத்த படங்களில் பிளாஸ்மா வைக்காத வித்திலும் ஒன்றிரண்டு சொட்டை. கட்டுரையில் எல்லாரும் தலைசிறந்த சொட்டையைத்தான் போடுவார்கள், நானும் போடுவேன். அதில் சுவர் நலிந்தது தெரியும். எப்போது செத்தது என்பது தெரியாது.

உலர் வித்தில் கதை கொஞ்சம் வேறு. அங்கே மேற்பரப்பு உண்மையிலேயே அரிக்கப்படுகிறது. இந்த வித்துகளின் மேல் ஹைட்ரோஃபோபின் என்ற புரதம் ஓலைப்பாய் மாதிரிப் பின்னியிருக்கும், அதனால் நீரில் போட்டால் நனையாமல் மிதக்கும். சோப்பு மாதிரி வேலை செய்யும் ட்வீன் 80 ஒரு சொட்டு விட்டால்தான் கலங்கும். பிளாஸ்மாவில் வைத்த உலர் வித்து ட்வீன் இல்லாமலேயே தண்ணீரில் முங்குகிறது. முதல் தடவை குழாயை அசைத்துப் பார்த்தபோது நானே நம்பவில்லை. நேற்றுவரை எண்ணெய் மாதிரி மேலே மிதந்த பச்சைப்பொடி, பால்பொடி மாதிரிக் கரைகிறது.

#28 அயனிக்காற்று

அருமை. உலர் வித்தில் இன்னொன்றையும் பாருங்கள்: அவை அடுக்கடுக்காகக் கிடந்தால் மேலடுக்கு செத்து கீழடுக்குக்குக் குடை பிடிக்கும். பிழைப்புக் கோடு முதலில் சர்ரென்று இறங்கி, பிறகு வால் நீட்டிக்கொண்டு படுத்தால், அது வித்தின் வீரம் இல்லை, நிழல்.

#29 நொதிப்பானை

உள்ளே ஆக்சிஜன் ராடிக்கல் அளக்க அந்தப் பச்சை ஒளிர்சாயம், டைகுளோரோஃபுளோரசின் வகை, வாங்கப் போகிறீர்கள் என்றால் யோசித்து வாங்குங்கள். இரும்பு பட்டாலும் ஒளிரும், பெராக்சிடேஸ் பட்டாலும் ஒளிரும், கரைசலில் மிஞ்சிய நைட்ரஜன் டைஆக்சைடு பட்டாலும் ஒளிரும். "ராடிக்கல் கூடியது" என்று எழுதலாம், எந்த ராடிக்கல் என்று அது சொல்லாது. அதேபோல் ஒற்றைநிலை ஆக்சிஜனைத் தடுக்கிறேன் என்று சோடியம் அசைடு ஊற்றாதீர்கள். அசைடு மைட்டோகாண்ட்ரியாவின் மூச்சையும் நிறுத்தும், கேட்டலேஸையும் முடக்கும். திருடனைப் பிடிக்கப் போய் காவல்காரன் கையைக் கட்டின கதையாகும்.

#30 மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது, இடையில் ஒரு எச்சரிக்கை. "நியான் பலகை மின்மாற்றி வைத்து வீட்டில் இதைச் செய்யலாமா" என்று இரண்டு பேர் தனிமடலில் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். மின்சாரம் ஒரு பக்கம். ஓசோன் இன்னொரு பக்கம்: வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்கு 0.1 பிபிஎம்தான் (காற்றில் பத்து லட்சத்தில் 0.1 பங்கு) வரம்பு. அந்தக் கூர்மையான வாடை அதற்கும் கீழேயே மூக்குக்குத் தெரியும், ஆனால் சற்று நேரத்தில் மூக்கு பழகிப்போய் வாடையே இல்லை என்று சொல்லிவிடும். நுரையீரல் பழகாது.

#31 வித்தெண்ணி

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். இரண்டு சோதனை செய்தேன்.

முதலாவது: வாலை வடிநீரில் பிளாஸ்மா வைத்த வித்துகளை உருளைக்கிழங்குக் குழம்பு ஊடகத்தில் போட்டு, மணிக்கு ஒரு தடவை எடுத்துச் சாயம் விட்டுப் பார்த்தேன். இரவு முழுக்க ஆய்வகத்தில்தான், காவலாளி அண்ணன் இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தார். தொடக்கத்தில் பழைய மாதிரியே, சிவப்பு கொஞ்சம்தான். ஐந்தாறு மணிக்குப் பிறகு வித்துகள் உப்ப ஆரம்பித்தன. சாதாரண வித்து உப்பி, ஒரு பக்கம் மூக்கு மாதிரி நீட்டி, முளைக்குழாய் விடும். பிளாஸ்மா வைத்தவை உப்பின. மூக்கு வரவில்லை. உப்பிய நிலையிலேயே ஒவ்வொன்றாகச் சிவந்தன. விடியும்போது பார்வைப் பரப்பு முழுக்கச் சிவப்பு.

சுவரைத் தளர்த்திப் புதிதாகக் கட்ட வேண்டிய நேரத்தில் கட்ட ஆளில்லாமல் போயிருக்கிறது என்று படுகிறது. சவ்வு கிழிந்தது உண்மைதான். கடைசியில் கிழிந்திருக்கிறது.

இரண்டாவது: பிளாஸ்மா முடிந்த கையோடு ஒரு குழாயில் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதி ஊற்றினேன். இன்னொன்றில் ஒரு மணி நேரம் விட்டு ஊற்றினேன். உடனே ஊற்றியதில் கணிசமாகப் பிழைத்தன. ஒரு மணி விட்டதில் தட்டு ஏறக்குறைய வெறுமை. இயந்திரத்தை நிறுத்திய பிறகும் நீருக்குள் கொலை நடந்துகொண்டே இருக்கிறது.

#32 நொதிப்பானை

உப்பியது, முளைக்கவில்லை, பிறகு சிவந்தது. இந்த மூன்று படத்தை வரிசையாகப் போடுங்கள், வழிகாட்டி சம்மதிப்பார்.

#33 அரைவேதி

பிரமாதம் கண்ணு. ஆனாலும் விடமாட்டேன். கேட்டலேஸ் பெராக்சைடை எடுத்தது சரி. பெராக்சைடு போனால் நைட்ரைட்டுக்குக் கைகோக்க ஆளில்லை, பெராக்சிநைட்ரஸ் அமிலமும் பிறக்காது. ஆக உன் சோதனை இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் வெளியேற்றியிருக்கிறது. கொன்றது சாதுவா, கள்ளனா? பிளாஸ்மாவே இல்லாமல், அதே அளவு பெராக்சைடு, நைட்ரைட், நைட்ரிக் அமிலம் மூன்றையும் பாட்டிலில் இருந்து எடுத்துக் கலந்து வை. பிறகு நைட்ரைட் இல்லாமல் ஒன்று வை. அப்போது பிரியும்.

#34 வித்தெண்ணி

வைக்கிறேன் அக்கா. பெராக்சைடும் அமிலமும் இருக்கின்றன. சோடியம் நைட்ரைட் பக்கத்து ஆய்வகத்தில்தான், அவர்கள் திங்கட்கிழமைதான் திறப்பார்கள்.